டிராக்டர் பேக்ஹோ: ஹைட்ராலிக் கசிவையும் ஆயிலில் கலந்த தண்ணீரையும் படிப்படியாகச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பேக்ஹோவின் (டிராக்டரின் பின்னால் மாட்டிய தோண்டும் கையின்) டிப்ஸ்டிக்கை உருவினால் ஹைட்ராலிக் ஆயில் பால்போல வெளுத்திருக்கிறது. பூமின் (தூக்கி இறக்கும் பெரிய கையின்) அடியில் எங்கிருந்தோ சொட்டுகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது, பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றுவது. சில வாரங்களில் அதுவும் வெளுத்துவிடும். ஏனென்றால் தண்ணீர் நுழைந்த வழி அப்படியே திறந்து கிடக்கிறது. சிலிண்டர்களுக்குள் தங்கிய பழைய ஆயிலும் வெளியே வரவில்லை. ஆயில் மாற்றுவது இந்த வேலையின் கடைசிப் பகுதி. முன்னால் உள்ளவற்றை வரிசையாக முடித்தால்தான் அந்தச் செலவு வீணாகாது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேடு இல்லாமல் தொடங்காதீர்கள். ஆயில் வகை, ரிலீஃப் வால்வின் (அழுத்தம் மிகுந்தால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வின்) அழுத்தம், போல்ட்டுகளை முறுக்கும் அளவு ஆகியவை அதில்தான் இருக்கும். தொட்டியின் கொள்ளளவு, சிலிண்டர்களும் ஹோஸ்களும் சேர்ந்த மொத்தக் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றும்போது கணக்குப் போட இரண்டும் வேண்டும்.

அடுத்து, பேக்ஹோவுக்குத் தனித் தொட்டி இருக்கிறதா, அல்லது டிராக்டரின் கியர்பாக்ஸ் ஆயிலையே அது எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பொதுத் தொட்டி என்றால் கியர், ஆயிலில் மூழ்கிய பிரேக், ஹைட்ராலிக் மூன்றுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட டிராக்டர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அங்கே வெறும் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினால் பிரேக் அதிரும், கிளட்ச் நழுவும், கியர்களுக்கும் போதிய பாதுகாப்பு கிடைக்காது.

மற்றவை: மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில்கள் மூன்று, கெட்டியான அட்டை, டால்கம் பவுடர், பிரேக் கிளீனர், ஒரே அளவில் இரண்டு இரண்டு ஸ்பேனர்கள், ஹோஸ் முனைகளை அடைக்கும் மூடிகள், 0 முதல் 400 பார் வரை காட்டும் பிரஷர் கேஜ், தொட்டியைவிடப் பெரிய காலி டிரம், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தொகுப்பு. பில்டர் ஒன்று போதாது. இரண்டு மூன்று வாங்கி வையுங்கள்.

2. அழுத்தத்தை இறக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்

பேக்ஹோவின் அமைப்பு பொதுவாக 140 முதல் 210 பார் வரையான அழுத்தத்தில் வேலை செய்யும். ஊசிமுனை அளவு துளையிலிருந்து பீறிடும் ஆயில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் எறும்பு கடித்த அளவு புள்ளிதான் தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம். அதை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். உடனே மருத்துவமனைக்குப் போய், “உயர் அழுத்த ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை முற்றிலும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகக் கெட்டியான அட்டையை நீட்டி, அதில் ஆயில் படுகிறதா என்று பாருங்கள்.

அழுத்தம் இறக்கும் முறை: சமதளத்தில் நிறுத்துங்கள். லோடர் பக்கெட், பேக்ஹோ பக்கெட், ஸ்டெபிலைசர் கால்கள் எல்லாவற்றையும் தரையில் ஊன்றுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு லீவரையும் இரு பக்கமும் நான்கைந்து முறை முழுதாக ஆட்டுங்கள். தொட்டி மூடியை மெதுவாகத் திறந்து உள்ளிருக்கும் காற்றை விடுங்கள்.

இதற்குப் பிறகும் ஸ்டெபிலைசர் சிலிண்டர்களில் அழுத்தம் சிக்கியிருக்கலாம். அவற்றில் லாக் வால்வு இருந்தால், லீவரை ஆட்டினாலும் ஆயில் வெளியே போகாது. அந்த இணைப்புகளைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, கசிந்து ஓயும்வரை காத்திருங்கள். தூக்கி நிற்கும் பூமின் கீழோ லோடர் கையின் கீழோ, இரும்பு முட்டுக் கொடுக்காமல் ஒருபோதும் போகாதீர்கள்.

3. கழுவுவதற்கு முன் ஆயில் மாதிரி எடுங்கள்

வண்டியை ஓட்டியபின் எடுத்த ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு செய்வதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு. ஓடும்போது தண்ணீர், ஆயில், காற்று மூன்றும் கலந்துவிடும். எது எது என்று பிரிக்க முடியாது.

இரவு முழுவதும் நிறுத்தி வைத்த வண்டியில் காலையில் எஞ்சினைத் தொடாமல் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தி, முதலில் வருவதில் 200 மி.லி. பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. பிரிந்த தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். பிறகு வண்டியை 20 நிமிடம் இயக்கி, தொட்டியின் நடு ஆழத்திலிருந்து இரண்டாவது மாதிரியை எடுங்கள். மூன்றாவது பாட்டிலில் அதே வகைப் புது ஆயில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

இரண்டாவது பாட்டிலை அசையாமல் வையுங்கள். நுரை மேலேறி ஒரு மணி நேரத்தில் அடியிலிருந்து தெளிந்து வந்தால் அது காற்று. சக்ஷன் பக்கம் (தொட்டியிலிருந்து பம்ப் ஆயிலை உறிஞ்சும் பக்கம்) கசிகிறது, 7-ஆம் பகுதியைப் பாருங்கள். 24 மணி நேரம் கழித்தும் வெண்மை மாறாவிட்டால், அல்லது அடியில் தனிப் படலம் தங்கினால், அது தண்ணீர்.

தெளிவாக இருக்கும் ஆயிலில் தண்ணீரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண ஹைட்ராலிக் ஆயில் 0.02 முதல் 0.03 சதவீதம் வரை தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாமல் கரைத்து வைத்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போது இன்னும் கூடுதலாக. சூட்டில் தெளிவாக இருந்து, ஆறியதும் மங்கினால், கரையும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதனால் முடிவை எப்போதும் ஆறிய மாதிரியில் எடுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் சூட்டுச் சோதனை செய்யலாம். மின் அடுப்பில் இரும்புத் தகட்டை 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். 0.1 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் சடசடவென்று வெடித்துக் குமிழியிடும். கண்ணாடி அணிந்து, திறந்த வெளியில், தீ ஜுவாலை அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

கடைசியாக ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், எஞ்சின் ஆறியபிறகு. கூலன்ட்டின் மேல் ஆயில் மிதந்தால், அல்லது கூலன்ட் அளவு காரணமில்லாமல் குறைந்து வந்தால், ரேடியேட்டருக்குள் அமைந்த ஆயில் கூலர் ஓட்டையாக இருக்கக்கூடும். அப்படியானால் ஆயிலில் கலந்தது மழைநீர் அல்ல, கூலன்ட். கூலரை மாற்றும்வரை வண்டியை இயக்கவே கூடாது.

4. தண்ணீர் நுழைந்த வழி எது?

கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள். எளிதில் பார்க்கக்கூடியதும் அதிகம் கெடுவதும் முன்னால் வருகின்றன.

தொட்டியின் ப்ரீதர் மூடி: உடைந்ததா, ரப்பர் வளையம் இருக்கிறதா, துணி சுற்றி அடைத்திருக்கிறதா? சிலிண்டர் ராடுகள் வெளியே நீளும்போது தொட்டியில் ஆயில் மட்டம் இறங்கி, அந்த அளவுக்குக் காற்று ப்ரீதர் வழியாக உள்ளே வரும். மூடி சரியில்லை என்றால் மேலே தேங்கிய மழைநீரும் காற்றோடு உள்ளே போகும்.

டிப்ஸ்டிக், ஆயில் ஊற்றும் மூடி ஆகியவற்றின் சீல்கள். பத்து நிமிட வேலை, ஆனால் பலர் பார்ப்பதே இல்லை.

கியர் லீவரின் ரப்பர் உறை. கியர்பாக்ஸ் ஆயிலையே ஹைட்ராலிக்குக்குப் பயன்படுத்தும் டிராக்டரில் இதுதான் முதல் சந்தேகம். கேபின் இல்லாத வண்டி மழையில் நின்றால், கிழிந்த உறை வழியாகத் தண்ணீர் நேராக ஆயிலுக்குள் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ரப்பர் முழுசாகத் தெரியும். மடிப்புகளை விரித்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும்.

ராடுகளின் வைப்பர் சீல் (ராடில் ஒட்டிய அழுக்கை வழித்துவிடும் வெளிச் சீல்). தண்ணீர் தேங்கிய குழியில் வேலை செய்யும்போது பக்கெட் சிலிண்டரும் ஸ்டெபிலைசரும் மூழ்குகின்றன. வைப்பர் தேய்ந்திருந்தால் ராடின் மேல் ஒட்டிய தண்ணீர்ப் படலம் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளே போகும். ஆயில் வெளியே கசியும் அதே இடம் தண்ணீருக்கும் வாசலாவது இங்கேதான். கசிவையும் தண்ணீரையும் இரண்டு தனி நோய்களாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தால், அது ஆவி குளிர்ந்து சேர்ந்த நீர். பகலில் சூடாகி இரவில் குளிரும் தொட்டி ஈரக்காற்றை இழுத்து, சுவரில் துளிகளாக்கும். குறுகிய நேரமே ஓடி, ஆயில் நன்றாகச் சூடேறாமல் நிற்கும் வண்டிகளில் இது அதிகம்.

5. கழுவி, உலர்த்தி, கசிவைத் தேடுங்கள்

அழுக்கின் மேல் கசிவைத் தேட முடியாது. ஆயில் கீழே வழியும், அதிர்வில் தெறிக்கும், காற்றில் பின்னுக்குப் போகும். ஈரமாகத் தெரியும் இடம் கசியும் இடமாக இருப்பது அரிது.

கழுவுவதற்கு முன் ப்ரீதர், டிப்ஸ்டிக், கியர் உறை மூன்றையும் பிளாஸ்டிக் உறையால் இறுகக் கட்டுங்கள். ராடு சீல்களை நோக்கியும் ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் தண்டு) முனைகளை நோக்கியும் உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். ஆயிலில் தண்ணீர் கலந்ததற்கு வண்டியைக் கழுவிய விதமே காரணமாக இருப்பதும் உண்டு.

உலர்ந்ததும் சந்தேக இடங்களைப் பிரேக் கிளீனரால் துடைத்து, டால்கம் பவுடரைத் தூவுங்கள். எஞ்சினை இயக்கி ஆயிலைச் சூடேற்றி, ஒவ்வொரு செயலையும் தனித்தனியாக, முனை வரை தள்ளி ஓரிரு நொடி மட்டும் பிடியுங்கள். நீண்ட நேரம் பிடித்தால் ரிலீஃப் வால்வு வழியாகப் பாயும் ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறும். எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, பவுடரில் நனைந்த இடங்களில் மிக உயரமானதைக் குறியுங்கள். தேட வேண்டிய இடம் அதுதான்.

நொடிக்கு ஒரு சொட்டு சிறியதாகத் தோன்றும். சொட்டுக்கு 0.05 மி.லி. என்று வைத்தால் 10 மணி நேரத்தில் 1.8 லிட்டர். எந்தக் கசிவை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய இந்தக் கணக்கு உதவும்.

6. ஹோஸ், ஃபிட்டிங், சிலிண்டர்

பேக்ஹோவில் ஹோஸ் அதிகம் கிழிவது, பூம் இடம் வலம் திரும்பும் அடித்தண்டின் அருகில். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹோஸ்கள் ஒன்றோடொன்று உரசும். மேல் ரப்பர் தேய்ந்து கம்பிவலை தெரிந்தாலே மாற்றிவிடுங்கள். கம்பி துருப்பிடித்தபின் வெடிப்பதற்கு முன்னறிவிப்பு எதுவும் கிடைக்காது.

அளவு ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்து வாங்குவது ஆபத்து. அரை அங்குல ஹோஸில் ஒற்றைக் கம்பிவலை கொண்ட ஆர்1 வகை 160 பார் தாங்கும். இரட்டை வலை கொண்ட ஆர்2 வகை 276 பார் தாங்கும். கையில் எடுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஹோஸின் மேல் அச்சிட்ட வரியைப் படித்து வாங்குங்கள். மாட்டியபின் அந்த வரி நேராக ஓட வேண்டும். சுருண்டிருந்தால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஸ்பேனர் கேட்டது இதற்காகத்தான்: ஒன்று பிடிக்க, ஒன்று திருக.

ஃபிட்டிங் கசிந்தால் இன்னும் இறுக்குவதுதான் எல்லோருக்கும் தோன்றும். 37 டிகிரி கூம்பு கொண்ட ஜே.ஐ.சி. வகையில், ஸ்பேனருக்குப் பிடிப்பு கிடைத்தபின் நட்டின் பட்டைகளில் 1 அல்லது 2 பட்டை அளவு திருப்பினால் போதும். அதற்கு மேல் போனால் கூம்பு நசுங்கி, நிரந்தரமாகக் கசியும். ஓ-ரிங் உள்ள ஃபிட்டிங்கில் ஆயிலைத் தடுப்பது ரப்பர்தான், இறுக்கம் அல்ல. கழற்றி ஓ-ரிங்கை மாற்றுங்கள்.

இந்த இரண்டு வகையிலும் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. மரை அங்கே அடைக்கும் வேலையைச் செய்வதில்லை. கிழிந்த டேப் துண்டு வால்வுக்குள் போய் ஸ்பூலைச் சிக்க வைக்கும்.

சிலிண்டரின் தலைப்பகுதியில் ராடைச் சுற்றி ஒழுகினால், சீல் வாங்குவதற்கு முன், எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை இறக்கியபின் ராடைத் துடைத்து விரல் நகத்தை அதன் நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் சிக்கும் கீறலோ, குரோம் உரிந்த இடமோ இருந்தால் புதுச் சீல் நெடுநாள் நிற்காது. மெல்லிய மேட்டை எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சமன்படுத்தலாம். பள்ளம் என்றால் ராடுக்கு மறுபடி குரோம் பூச வேண்டும், அல்லது ராடையே மாற்ற வேண்டும்.

சீலின் திசை முக்கியம். அழுத்தம் தடுக்கும் சீலின் உதடு உட்பக்கம் ஆயிலை நோக்கியும், வைப்பரின் உதடு வெளிப்பக்கம் அழுக்கை நோக்கியும் இருக்க வேண்டும். கழற்றும்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனை வெளியேற்ற காற்றழுத்தத்தைப் பயன்படுத்தாதீர்கள். துப்பாக்கிக் குண்டுபோல வெளியே வரும்.

7. வெளியே சொட்டாத கசிவுகள்

ஆயில் மட்டம் குறைகிறது, தரையில் ஒரு துளி இல்லை. எஞ்சின் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். எஞ்சினோடு நேராகப் பொருத்திய பம்ப்பில் தண்டின் சீல் போயிருந்தால், ஹைட்ராலிக் ஆயில் எஞ்சினுக்குள் இறங்கும். தனித் தொட்டி உள்ள வண்டியில் கியர்பாக்ஸ் மட்டமும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சக்ஷன் கசிவு இதற்கு நேர் எதிர். தொட்டிக்கும் பம்ப்புக்கும் இடையிலுள்ள குழாயில் ஓடும்போது அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நுரை, பம்ப்பில் கரகரப்பு, பூம் துள்ளித் துள்ளி நகர்வது ஆகியவை அடையாளம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இணைப்புகளில் ஒவ்வொன்றாக ஆயிலைத் தடவுங்கள்; சத்தம் மாறும் இடத்தில் கசிவு. இந்தச் சோதனையைத் தாழ்ந்த அழுத்தமுள்ள சக்ஷன் குழாயில் மட்டும், சுழலும் பாகங்களுக்குக் கை எட்டாதபடி தூரிகையால் செய்யுங்கள். இங்கே மாற்றும் ஹோஸ் உள்ளே சுருள்கம்பி வைத்த சக்ஷன் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும்.

தூக்கி வைத்த பூம் தானாக இறங்கினால் உடனே பிஸ்டன் சீலைக் குற்றம் சொல்லாதீர்கள். சுமை ராடை உள்ளே தள்ளும் சிலிண்டரில், பிஸ்டன் சீல் போனாலும் ஆயிலுக்கு வெளியேற வேறு வழி இல்லாவிட்டால் ராடு அதிகம் இறங்க முடியாது. உள்ளே வரும் ராடின் கன அளவுக்கு இடம் வேண்டுமே. அங்கே வால்வு அல்லது போர்ட் ரிலீஃப் (அந்தச் சிலிண்டருக்குப் போகும் வழியிலுள்ள ரிலீஃப் வால்வு) மீதுதான் சந்தேகம் கூடுதல். சுமை ராடை வெளியே இழுக்கும் சிலிண்டரில்தான் பிஸ்டன் சீல் மட்டுமே கூட நழுவலுக்குக் காரணமாகும்.

உறுதிசெய்ய: சிலிண்டரை முழுதாக நீட்டி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, அழுத்தத்தை இறக்குங்கள். ராடு பக்க ஹோஸைக் கழற்றி அதன் முனையை உயர் அழுத்தம் தாங்கும் இரும்பு மூடியால் அடையுங்கள். சிலிண்டரின் திறந்த துளைக்குக் கீழே வாளி வையுங்கள். எல்லோரும் விலகியபின், எஞ்சின் மெதுவாக ஓட, நீட்டும் திசையில் மட்டும் லீவரைத் தள்ளுங்கள். துளையில் தொடர்ந்து ஆயில் ஓடினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. முதலில் சற்று வழிந்து நின்றுவிட்டால் சிலிண்டர் நல்லது. அடிப்பக்கத்துக்கு அழுத்தம் கொடுக்கும்போது சிலிண்டரின் ராடு பக்கத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பரப்பளவு வேறுபாட்டால் அங்கே அழுத்தம் பெருகி, சிலிண்டரே வெடிக்கலாம்.

வால்வு தொகுதியில் பகுதிகளுக்கு இடையே கசிந்தால் ஓ-ரிங் மாற்றி, நீள போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கே முறுக்குங்கள். கூடுதலாக முறுக்கினால் ஸ்பூல் இறுகிக்கொள்ளும். வேகம் குறைந்தது என்பதற்காக ரிலீஃப் அழுத்தத்தைக் கூட்டுவது இன்னொரு தவறு. கேஜ் பொருத்திப் பார்க்காமல் அந்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

8. இப்போது ஆயிலை மாற்றுங்கள்

ஒருமுறை இறக்கினால் ஏன் போதாது? தொட்டி 50 லிட்டர், மொத்தம் 80 லிட்டர் என்று வையுங்கள். இறக்கியபின்னும் 30 லிட்டர் சிலிண்டர்களிலும் குழாய்களிலும் தங்கும். தொடக்கத்தில் 2 சதவீதம் தண்ணீர் இருந்தால், முதல் மாற்றத்துக்குப் பிறகு 0.75, இரண்டாவதற்குப் பிறகு 0.28, மூன்றாவதற்குப் பிறகு 0.1 சதவீதம். முதல் முறையிலேயே தெளிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

அதைக் குறைக்க, முதலில் வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, அடியில் பிரிந்த தண்ணீரை மட்டும் இறக்கிவிடுங்கள். பிறகு ஆயிலைச் சூடேற்றி, பாதுகாப்பாக ஊன்ற முடிந்தவரை ராடுகளை உள்ளே இழுத்து வைத்து, சூடு ஆறாமல் இறக்குங்கள். ராடு உள்ளே இருக்கும்போது சிலிண்டரில் தங்கும் ஆயில் குறைவு. அழுத்தம் இறக்கியபின், தாழ்வான இடத்திலுள்ள ஹோஸ்களையும் கழற்றி வடிய விடலாம். தாழ்ந்து கிடக்கும் சிலிண்டர்களில்தான் தண்ணீர் அதிகம் தங்கும்.

தொட்டிக்குள் கை விட வழி இருந்தால் அடிச் சேறைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்தெடுங்கள். சக்ஷன் சல்லடையைக் கழுவுங்கள். பில்டரை ஒவ்வொரு மாற்றத்திலும் மாற்றியே ஆக வேண்டும். காகித பில்டர் தண்ணீரில் ஊறி உப்பிவிடும். ஆயில் அதைச் சுற்றிக்கொண்டு பைபாஸ் வழியாகச் சுத்தமாகாமலே போகும்.

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி அலசாதீர்கள். பம்ப்பை உயவிடும் படலம் அந்த நேரத்தில் அறுந்துபோகும். சிலிண்டரில் தங்கும் மிச்சம் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். அலசுவதற்கு, கையேடு அனுமதிக்கும் வகையில் விலை குறைந்த ஆயிலே போதும். நல்ல ஆயிலைக் கடைசி மாற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றங்களுக்கு இடையே எல்லாச் செயல்களையும் முழு நீளத்துக்கு இயக்கி, ஓரிரு மணி நேரம் வேலை செய்ய விடுங்கள். அப்போதுதான் உள்ளே தங்கியது தொட்டிக்கு வரும்.

9. காற்றை வெளியேற்றி மறுபடி சோதியுங்கள்

பம்ப் காலியாகியிருந்தால் அதன் சக்ஷன் பக்கத்தில் ஆயில் நிரப்பியபின்னரே எஞ்சினை இயக்குங்கள். குறைந்த வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு முறை, முனையைத் தொடாமல் பாதி தூரம் மட்டும் நகர்த்துங்கள். சிலிண்டருக்குள் சிக்கிய காற்று திடீரென அழுந்தினால் சூடேறிச் சீலையே கருக்கிவிடும். சத்தமும் துள்ளலும் நின்றபிறகு முழு நீளத்துக்குப் போகலாம்.

மட்டத்தைக் கையேடு சொல்லும் நிலையில் மட்டும் பாருங்கள். ராடுகள் நீண்டிருக்கும்போது மட்டம் குறைவாகத் தெரியும். அப்போது நிரப்பிவிட்டால், ராடுகளை உள்ளே இழுத்ததும் மிகுதி ஆயில் ப்ரீதர் வழியாக வழியும். அதைப் புதுக் கசிவு என்று தேடி ஒருநாள் வீணாகும்.

10 மணி நேர வேலைக்குப் பிறகும், 50 மணி நேரத்துக்குப் பிறகும், இரவு நிறுத்திய வண்டியில் அடியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துப் பாருங்கள். மறுபடி வெளுத்தால் 4-ஆம் பகுதிக்கே திரும்புங்கள். ஒரு வழி இன்னும் அடைபடவில்லை. நிறுத்தும்போது முடிந்தவரை ராடுகளை உள்ளே இழுத்து நிறுத்துங்கள். குரோம் மழைக்குத் தப்பும், தொட்டியில் மட்டம் உயர்ந்து ஈரக்காற்றுக்கு இடமும் குறையும்.

மீதி ஆயில் டிரம்மை வெட்டவெளியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மேல் விளிம்புக்குள் தேங்கும் மழைநீரை, இரவில் குளிர்ந்து சுருங்கும் டிரம் மூடி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கூரையின் கீழ், முழு டிரம் என்றால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள்.